‘எங்கள் எல்லைக்குள் வராது’: ஆய்விதழ்களின் முதல் பக்கங்களைப் படித்த கதை

போன வருஷம் ஒரு கட்டுரை எழுதினேன். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய். அதற்குள்ளே ஒரு குமிழித் தூம்பு நிற்கிறது. இரண்டு கல்தூண், அதில் ஒன்றில் சின்னதாக ஒரு கல்வெட்டு. தூம்பைச் செய்து கொடுத்தவர் பெயரும், அது பாயும் நிலத்தின் அளவும் அதில் இருக்கின்றன. கல்வெட்டைப் படித்து எழுதுவதோடு நான் நிற்கவில்லை. கோடையில் கண்மாய் வற்றியதும் உள்ளே இறங்கி நீரோடித் துளை, சேறோடித் துளை இரண்டையும் டேப் வைத்து அளந்தேன். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் எவ்வளவு வெளியேறும், அது எத்தனை வயலுக்குப் போதும் என்று கணக்குப் போட்டேன். கல்வெட்டுக் கணக்கும் என் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போனபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

கட்டுரையை ஒரு வரலாற்று ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் பதில். ‘பொறியியல் தூக்கலாக இருக்கிறது, எங்கள் எல்லைக்குள் வராது.’ சரியென்று நீர்ப் பொறியியல் இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். அங்கே ஐந்து நாள். ‘வரலாறு தூக்கலாக இருக்கிறது, எங்கள் எல்லைக்குள் வராது.’ இரண்டாவது ஆசிரியர் நல்ல மனிதர். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருந்தார்: கல்வெட்டைத் தனியாக, கணக்கைத் தனியாகப் பிரித்து இரண்டு கட்டுரையாக்கி விடுங்களேன். இந்த யோசனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

ஆய்விதழ் ஒவ்வொன்றின் தளத்திலும் ‘எய்ம்ஸ் அண்ட் ஸ்கோப்’ என்று ஒரு பக்கம் இருக்கும். நோக்கமும் எல்லையும். கட்டுரை அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் படிப்பதில்லை. நானும் அதுவரை படித்ததில்லை. கோபத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்த இரண்டு இதழ்களோடு ஆரம்பித்தது, பழைய இதழ்களின் முதல் இதழ், முதல் பக்கம் என்று பின்னோக்கிப் போய் 1665-இல் வந்து நின்றது. படிக்கப் படிக்கக் கோபம் குறைந்து சுவாரசியம் கூடிவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

1665 ஜனவரி 5, பாரிஸ். ‘ழூர்னால் தே சாவான்’ என்ற வார இதழ் வெளிவருகிறது. அறிஞர்களின் இதழ் என்று பொருள். நடத்தியவர் தெனி தெ சாலோ என்ற நீதிமன்ற ஆலோசகர். முதல் இதழிலேயே, அச்சிட்டவர் வாசகருக்குச் சொல்வதுபோல ஒரு முன்னுரை இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் முதல் ‘நோக்கமும் எல்லையும்’ அதுதான் என்று சொல்லலாம். என்னவெல்லாம் போடப் போகிறார்கள் என்று அதில் ஒரு பட்டியல்: ஐரோப்பாவில் வெளிவரும் புத்தகங்கள் பற்றிய செய்தி, இறந்துபோன பெரிய மனிதர்களைப் பற்றிய குறிப்பு, இயற்பியல் வேதியியல் சோதனைகள், புதிய இயந்திரங்கள், வானத்தில் கண்டவை. இதுவரை சரி. கூடவே நீதிமன்றங்களின் தீர்ப்புகள், திருச்சபை நீதிமன்றங்களின் தீர்ப்புகள், பல்கலைக்கழகங்கள் விதிக்கும் தடைகள்.

அந்தக் கடைசிப் பகுதியில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். புத்தகங்களைப் பற்றிச் சாலோ வெளிப்படையாக எழுதினார்; திருச்சபை விவகாரத்திலும் வாய் வைத்தார். மதத் தரப்பிலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. 13 இதழ் வந்திருக்கும், மார்ச் முடிவதற்குள் இதழ் நிறுத்தப்பட்டது. அடுத்த வருஷம் ஜனவரியில் திரும்ப வந்தபோது ஆசிரியர் வேறு ஆள். உலகின் முதல் ஆய்விதழின் ஆயுள், அதன் முதல் ஆசிரியர் கையில், மூன்று மாதம்கூட இல்லை.

பாரிஸில் அது நின்றுபோவதற்குள் லண்டனில் இன்னொன்று பிறந்துவிட்டது. 1665 மார்ச் 6, ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’. ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் தன் சொந்தப் பொறுப்பில் நடத்தினார். ஜெர்மனியின் பிரெமென் நகரத்துக்காரர். ஐரோப்பா முழுக்கக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். (அந்தக் கடிதங்களே வினையாகி, 1667-இல் சந்தேகத்தின் பேரில் லண்டன் கோபுரச் சிறையில் கொஞ்ச காலம் இருந்தார் என்பது தனிக்கதை.) ஓல்டன்பர்க் பிரெஞ்சு இதழைப் பார்த்தவர். சட்டம், இறையியல் இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.

இன்றைக்கு நாம் இதைப் படித்துவிட்டு, ‘அறிவியல் தனியாகப் பிரிந்த தருணம்’ என்றெல்லாம் பெரிதாகச் சொல்லிவிடுவோம். முதல் இதழின் பொருளடக்கத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 16 பக்கம். ரோமில் செய்த புதிய கண்ணாடி வில்லைகள், வியாழனில் தெரிந்த ஒரு புள்ளி, வால்மீன் எப்படி நகரும் என்ற கணிப்பு, குளிர் பற்றி பாயில் எழுதிய புத்தகம். அடுத்து, விகாரமாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டி. பிறகு ஜெர்மனியின் ஈயத் தாது, பெர்முடா பக்கம் திமிங்கல வேட்டை, கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க ஊசல் கடிகாரம், சமீபத்தில் காலமான ஃபெர்மாவைப் பற்றிய குறிப்பு. கன்றுக்குட்டியும் ஃபெர்மாவும் ஒரே இதழில்! இவ்வளவையும் அனுமதித்த இதழ்தான் இறையியலை மட்டும் வெளியே வைத்தது. சண்டை வரும் என்று தெரிந்த இடத்தில்தான் வேலி போட்டார்கள். மற்ற பக்கமெல்லாம் திறந்த வெளி. முதல் எல்லைக்கோடு பாதுகாப்புக்காகப் போட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

உள்ளே வேலிகள் வர இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1887-இல்தான் அந்த இதழ் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டாகப் பிரிந்தது. கணிதமும் இயற்பியலும் ஒரு பக்கம், உயிரியல் ஒரு பக்கம். நிர்வாக வசதிக்காகச் செய்ததுதான். ஆனால் பதின்மூன்று வருஷம் கழித்து அந்தப் பிரிவினை ஒரு பெரிய ரகளையில் போய் முடிந்தது. அதற்கு வருமுன் ஜெர்மனிக்கு ஒரு எட்டுப் போய் வருவோம்.

ஆசிரியர் எழுதும் எல்லை ஒன்று, இதழ் போய்ச் சேரும் இடம் வேறொன்று என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1826-இல் பெர்லினில் ஆகுஸ்ட் லியோபோல்ட் க்ரெல்லே ஒரு கணித இதழ் ஆரம்பித்தார். பிரஷ்ய அரசாங்கத்தில் சாலைகள் போட்ட பொறியாளர். இதழுக்கு அவர் வைத்த பெயரே எல்லையைச் சொல்லிவிடும்: சுத்தக் கணிதத்துக்கும் பயன்பாட்டுக் கணிதத்துக்குமான இதழ். பொறியாளர் ஆயிற்றே, பயன்பாடு நிறைய வரும் என்று எதிர்பார்த்திருப்பார். வந்தது என்ன? முதல் தொகுதியிலேயே ஏபல் என்ற நார்வேக்கார இளைஞனின் கட்டுரைகள் வரிசையாக. ஐந்தாம் படிச் சமன்பாட்டைப் பொதுவாகத் தீர்க்க முடியாது என்பதற்கான நிரூபணமும் அதில் ஒன்று. அதற்குப் பிறகு பெரிய பெரிய கணித மேதைகள் அங்கேயே எழுத, பயன்பாடு ஓரத்துக்குப் போனது. 1829-இல் க்ரெல்லே கட்டடக்கலைக்கென்று வேறு ஓர் இதழ் ஆரம்பித்துக்கொண்டார். கணிதக்காரர்கள் அவருடைய இதழின் பெயரில் ஓரிரு எழுத்தை மட்டும் மாற்றிக் கேலி செய்தார்கள். ஜெர்மன் கேலி தமிழிலும் அழகாக வருகிறது: ‘சுத்தமாகப் பயன்படாத கணிதத்துக்கான இதழ்’.

ஏபலுக்கு அப்போது 23 வயது. சென்னையிலும் இதேபோல ஒன்று நடந்தது. டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர் 1907-இல் தொடங்கிய கணித மன்றம்தான் பிறகு இந்தியக் கணிதக் கழகமாகி இதழ் நடத்தியது. கல்லூரி ஆசிரியர்கள், அரசு உத்தியோகஸ்தர்கள், கணக்கில் பைத்தியம் உள்ளவர்கள் எல்லாரும் அதில் உண்டு. வாசகர்கள் கேள்வி அனுப்பலாம், வேறு வாசகர்கள் விடை அனுப்பலாம் என்று ஒரு பகுதி. 1911-இல் பட்டம் இல்லாத, நிரந்தர வேலை இல்லாத 23 வயது இராமானுஜன் அந்தப் பகுதியில்தான் வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஆறு மாதமாகியும் யாரும் விடை அனுப்பவில்லை, அவரே எழுதினார். அதே வருஷம் அவருடைய முதல் கட்டுரையும் அங்கேதான் வந்தது. புது இதழ்களில் ஒரு சௌகரியம் உண்டு. ‘இது எங்களுக்குரியதல்ல’ என்று சொல்ல இன்னும் யாருக்கும் துணிவு வந்திருக்காது.

இப்போது லண்டன் ரகளைக்கு வருவோம். 1900. கார்ல் பியர்சன் கணிதப் பேராசிரியர். ஒரே மரத்தின் இலைகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன, அண்ணன் தம்பிகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்று இரண்டையும் புள்ளியியல் வைத்து ஒப்பிட்டு ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். இலை இலையாக எண்ணிய கட்டுரை. மதிப்பிடப் போனது வில்லியம் பேட்சன் என்ற உயிரியலாளரிடம். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. பியர்சனின் கட்டுரை அச்சாகி வெளிவருவதற்கு முன்பே பேட்சனின் நீண்ட விமர்சனம் அச்சாகி உறுப்பினர்கள் கைக்குப் போய்விட்டது. பியர்சன் கொதித்தார். அதற்கு மேல் சொசைட்டியின் நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: இனிமேல் கட்டுரைகளில் கணிதத்தை உயிரியல் பயன்பாட்டிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள்.

கல்வெட்டைத் தனியாக, கணக்கைத் தனியாக! இதைப் படித்த அன்றைக்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நூற்றிருபது வருஷம் கழித்தும் அதே வாக்கியம்.

பியர்சன் பிரிக்கவில்லை. நண்பர் வெல்டன் என்ற விலங்கியலாளர், நாமே ஓர் இதழ் தொடங்கினால் என்ன என்று கேட்டு எழுதினார். கிழவர் ஃபிரான்சிஸ் கால்டன் துணை நின்றார். 1901 அக்டோபரில் ‘பயோமெட்ரிகா’ வெளிவந்தது. முதல் இதழின் தலையங்கமே இதழின் எல்லையைப் பற்றியதுதான். வேறு எங்கும் முறையாகச் சேகரிக்கப்படாத, வெளியிடப்படாத உயிரியல் தரவுகளுக்கும், அவற்றை ஆராயத் தேவையான புள்ளியியலுக்கும் ஓரிடம். சுருக்கமாகச் சொன்னால், அங்கே வேண்டாம் என்றதெல்லாம் இங்கே வரலாம்.

இந்தக் கிளர்ச்சிக்குப் பலன் கிடைத்தது. 1908-இல் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த ஒருவர் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் சிறிய மாதிரிகளைப் பற்றி எழுதினார். இன்று கல்லூரியில் எல்லாரும் போடும் டி-டெஸ்ட் அங்கிருந்து வந்ததுதான். 1915-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஊர் திரும்பக் கிளம்பிய மகலனோபிஸ் என்ற வங்காள இளைஞருக்கு அவருடைய ஆசிரியர் கல்லூரி நூலகத்தில் பயோமெட்ரிகா தொகுதிகளைக் காட்டினார். இயற்பியல் படித்தவர். முழு வரிசையையும் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார். அந்தப் படிப்பு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாகவும், 1933-இல் ‘சாங்க்யா’ என்ற இதழாகவும் ஆனது. ஓர் இதழின் பழைய தொகுதிகளைப் படித்ததில் ஒரு நாட்டுக்கே ஒரு துறை வந்து சேர்ந்தது என்றால் அது இதுதான்.

ஆனால் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

1916. பள்ளிக்கூடத்தில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த 26 வயது ரொனால்ட் ஃபிஷர் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அப்போது பெரிய சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. உயரம் மாதிரித் தொடர்ச்சியாக மாறும் குணங்களை அளந்து புள்ளியியல் போடும் பியர்சன் கட்சி ஒருபுறம். பட்டாணிச் செடி மாதிரி இது அல்லது அது என்று பிரியும் மெண்டல் கட்சி மறுபுறம். ஃபிஷரின் கட்டுரை, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று கணக்கால் காட்டியது. நிறைய மெண்டல் காரணிகள் சேர்ந்தால் அந்தத் தொடர்ச்சி தானாக வரும். சொசைட்டி அதை இரண்டு பேருக்கு மதிப்பிட அனுப்பியது. ஒருவர் பன்னெட், பள்ளியில் கட்டம் போட்டு மரபியல் படித்தோமே, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரர், பேட்சனின் கூட்டாளி. இன்னொருவர், ஆம், கார்ல் பியர்சன். இருவரில் யாரும் அச்சிடச் சொல்லவில்லை. உயிரியலாளருக்குக் கணக்குப் பகுதி கைக்கு எட்டவில்லை, புள்ளியியலாளருக்கு மெண்டல் பகுதி ஒப்பவில்லை. ஃபிஷர் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சார்லஸ் டார்வினின் மகன் லெனார்ட் டார்வின் உதவியோடு 1918-இல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் இதழில் அது வந்தது. ‘வேரியன்ஸ்’ என்ற சொல் முதலில் வருவது அந்தக் கட்டுரையில்தான். இன்றைய அளவியல் மரபியலின் அஸ்திவாரம் அது.

கணிதத்தைத் தனியாக வை என்று சொல்லி வெளியே தள்ளப்பட்டவர், பதினாறு வருஷத்தில் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறார். பியர்சன் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அது தவறு என்று நம்பினார். வேலி போடுகிறவர்கள் எல்லாருமே உண்மையாகத்தான் நம்புகிறார்கள், சிக்கலே அதுதானே. பயோமெட்ரிகாவுக்கும் ஃபிஷர் எழுதியதைப் பியர்சன் திருப்பி அனுப்பினார். இருவருக்கும் கடைசிவரை ஆகவில்லை.

பியர்சனைத் தியாகி ஆக்கிவிடவும் கூடாது. 1925-இல் அவர் இன்னோர் இதழ் ஆரம்பித்தார், ‘ஆனல்ஸ் ஆஃப் யூஜெனிக்ஸ்’. நல்ல இனம், கெட்ட இனம் என்று மனிதர்களைத் தரம்பிரித்து வளர்க்க நினைத்த யூஜெனிக்ஸ்தான். இனப் பிரச்சினைகளை அறிவியல்படி ஆராயும் இதழ் என்று தலைப்பின் கீழேயே எல்லையை எழுதிவைத்தார்கள். முதல் தொகுதியில் பியர்சன் இன்னொருவரோடு சேர்ந்து, பிரிட்டனுக்குக் குடியேறிய ரஷ்ய, போலந்து யூதர்களின் பிள்ளைகளை அளந்து, வெளிநாட்டார் குடியேற்றம் பிரச்சினை என்று வாதாடினார். இலைகளை எண்ணிய அதே கை.

இந்த இதழ் என்ன ஆனது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 1936-இல் ஃபிஷர் மூன்று வகை ஐரிஸ் பூக்களின் அளவுகளை வைத்து எழுதிய கட்டுரை இதில்தான் வந்தது. இன்று கணினியில் தரவு அறிவியல் கற்கும் பிள்ளைகள் முதல் பாடத்தில் பயன்படுத்துவது அந்தப் பூக்களின் அளவுகளைத்தான். அது எந்தத் தலைப்புள்ள இதழில் வந்தது என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. போருக்குப் பிறகு பொறுப்பேற்ற லயனல் பென்ரோஸுக்கு அந்தப் பெயரைச் சுமக்க மனமில்லை. 1954-இல் ‘ஆனல்ஸ் ஆஃப் ஹ்யூமன் ஜெனடிக்ஸ்’ என்று பெயர் மாறியது. அதே வரிசை, நூலகத்தில் அதே அலமாரி, முதுகில் மட்டும் வேறு பெயர். எல்லையை மாற்றி எழுதுவது சில சமயம் மனசாட்சி வேலை செய்ததற்கு அடையாளம். சில சமயம் கறையைத் துடைப்பதற்கும் அதுதான் வழி. இங்கே இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘நேச்சர்’ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்திருக்கும். 1869 நவம்பர் 4-இல் நார்மன் லாக்கியர் தொடங்கினார். ஹீலியத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே லாக்கியர். இரண்டு நோக்கங்கள் சொன்னார். முதலாவது, அறிவியலின் பெரிய முடிவுகளைப் பொதுமக்கள் முன் வைப்பது. இரண்டாவது, அறிவியலாளர்களுக்கு உதவுவது. பொதுமக்கள் அவ்வளவாக வரவில்லை. அறிவியலாளர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிச் சண்டை போட இடம் கிடைத்ததே என்று வந்து நிரம்பினார்கள். நோக்கம் மாறாமல் அப்படியே இருந்தது, இதழ் மாறிவிட்டது. 2000-இல்தான் அந்த வாசகத்தை மாற்றி வரிசையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் அறிவியலாளர்கள், அப்புறம் மக்கள். உண்மையை ஒப்புக்கொள்ள நூற்றிமுப்பது வருஷம்.

என்னை அதிகம் பாதித்தது பிரெஞ்சு வரலாற்று இதழ் ‘அனால்’. 1929 ஜனவரி, ஸ்ட்ராஸ்பூர்கில் பேராசிரியர்களாக இருந்த மார்க் ப்ளோக், லூசியன் ஃபெவ்ர் இருவரும் ஆரம்பித்தது. முழுப்பெயர் பொருளாதார, சமூக வரலாற்று ஆண்டேடு. வாசகருக்கு எழுதிய முதல் பக்கத்தில் அவர்கள் வைத்த குறையே வேலிகளைப் பற்றியதுதான். பழைய ஆவணங்களை வைத்து ஆய்பவர்கள் ஒரு பக்கம், இன்றைய பொருளாதாரத்தையும் சமூகத்தையும் ஆய்பவர்கள் இன்னொரு பக்கம், நடுவே எதிர்ப்பக்கம் தெரியாத அளவுக்குச் சுவர் என்றார்கள். சொன்னதோடு விடவில்லை. ஆசிரியர் குழுவில் ஒரு புவியியலாளர், ஒரு சமூகவியலாளர், பிரெஞ்சு மத்திய வங்கியின் துணை ஆளுநர் என்று உட்கார வைத்தார்கள். முதல் இதழில் பண்டைய கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளின் விலையைப் பற்றி ஒரு கட்டுரை, போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் தொழில்துறை பற்றி இன்னொன்று. என் தூம்புக் கட்டுரையை இங்கே அனுப்பியிருக்கலாமே என்று ஒரு நப்பாசை.

பத்து வருஷம் நன்றாகப் போனது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்தது. யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. ப்ளோக் யூதர், இதழின் உரிமையாளர்களில் ஒருவர். அவர் பெயர் அட்டையில் இருந்தால் இதழே போய்விடும். 1941-இல் ஃபெவ்ர் அவரிடம் பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினார். ப்ளோக் முதலில் மறுத்தார். எதிரி சட்டத்துக்குப் பணிந்து ஒதுங்குவது இதழையே கைவிடுவது மாதிரி என்பது அவர் கட்சி. இதழ் உயிரோடு இருக்க வேண்டும் என்பது ஃபெவ்ர் கட்சி. கடைசியில் ப்ளோக் இணங்கினார். பிறகு ‘ஃபூஜேர்’ என்ற புனைபெயரில் தன் சொந்த இதழிலேயே எழுதிக்கொண்டிருந்தார். துறைச் சுவர்களை இடிக்க இதழ் ஆரம்பித்தவரைப் பிறப்பை வைத்து வெளியே நிறுத்தினார்கள். எந்த முதல் பக்கத்திலும் எழுதாத எல்லை அது. ப்ளோக் தலைமறைவு எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். 1944 ஜூன் 16 அன்று லியோன் அருகே ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

ஃபெவ்ர் செய்தது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்ல வாய் எழவில்லை. அந்தக் கடிதத்தை எழுதும்போது அவர் கை எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். இதழ் பிழைத்தது. 1946-இல் ஒரு பெயர், 1994-இல் இன்னொரு பெயர் என்று எல்லை விரிந்துகொண்டே போனது. பிரெஞ்சு வரலாற்றுத் துறையில் அதுவே அதிகார பீடம் ஆனது. அரசர்கள், போர்கள், தேர்தல்கள் பற்றி எழுதுகிறவர்கள் அப்புறம் அந்தப் பீடத்தின் முன் இளப்பமாகப் பார்க்கப்பட்டார்கள். பியர்சன் கதைதான், கொஞ்சம் நாகரிகமாக.

அப்படியென்றால் எல்லையே வேண்டாம் என்று விடலாமா? 2006-இல் ‘பிளாஸ் ஒன்’ ஏறக்குறைய அப்படித்தான் வந்தது. அறிவியலில் எந்தத் துறையாக இருந்தாலும் சரி. முக்கியமா இல்லையா என்று கேட்க மாட்டோம், முறை சரியா என்று மட்டும் பார்ப்போம். எனக்குப் பிடித்த யோசனை. அதன் போலிகள் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் பிஎச்டி செய்தவர்களைக் கேளுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று ஆரம்பிக்கும் மின்னஞ்சல். பொறியியல், மருத்துவம், மேலாண்மை, தமிழ் இலக்கியம், யோகா எல்லாம் எங்கள் எல்லைக்குள். ஏழு நாளில் அச்சு. கட்டணம் மட்டும் கறார். 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. அந்தப் பட்டியலை நம்பிக் காசு கட்டிய மாணவர்கள் எத்தனை பேர் நடுத்தெருவில் நின்றார்கள்! அந்தத் தளங்களில் ‘நோக்கமும் எல்லையும்’ பக்கம் மூன்று முழத்துக்கு இருக்கும். யாரையும் வேண்டாம் என்று சொல்லாத இதழ் எதையும் படித்துப் பார்ப்பதில்லை. இதைப் பார்த்த பிறகு, என்னை மூன்று நாளில் திருப்பி அனுப்பிய வரலாற்று ஆசிரியர் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அந்த மனிதர் குறைந்தபட்சம் கணக்குப் பக்கம் வரை புரட்டியிருக்கிறார்.

தூம்புக் கட்டுரை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பிரித்துப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து கல்வெட்டுப் பகுதியை ஒரு கோப்பிலும் அளவுகளை இன்னொரு கோப்பிலும் போட்டேன். கல்வெட்டுப் பகுதி நாலு பக்கம் வந்தது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் போதுமா என்ற கேள்வியே அதில் இல்லை. அளவுப் பகுதியில் ஒரு துளை, ஒரு சூத்திரம், ஒரு விடை இருந்தது. அந்தத் துளையை யார், எதற்காகப் போட்டார் என்பது இல்லை. இரண்டையும் அழித்துவிட்டேன். பழைய கோப்பு அப்படியே இருக்கிறது. இந்த மாதம் வேறோர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன், இந்த முறை முதல் பக்கத்தைப் படித்துவிட்டு. இது எழுதும் நேரம் ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.